ஏழாவது பாட்டின் சில்வண்டு

2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரு சைக்கிள் கடையின் மாடி அறையில், மூன்று இளைஞர்கள் இருபத்தொரு பாடல்களைப் பதிவு செய்தார்கள். ஜன்னலை ஒரு பழைய மெத்தையால் அடைத்திருந்தார்கள். ஏழாவது பாட்டைப் பதிவு செய்த அன்று அறைக்குள் ஒரு சில்வண்டு இருந்தது.

தொகுப்பின் பெயர் ‘அரைகுறை’. பெயரை அது கடைசிவரை காப்பாற்றியது. முதல் பாட்டு, யாரோ இருமிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடும். நாலாவதில் ஒரே சரணம் இரண்டு தடவை வரும். பாடியவன் மறந்துபோனான், மறந்தது தெரிந்தும் யாரும் திருத்தவில்லை. பதினொன்றாவது பாட்டே கிடையாது. மைக்கை அணைத்தாயா இல்லையா என்று மூன்று பேரும் போட்டுக்கொண்ட சண்டை அது, மைக் அணைக்கப்படாததால் நமக்குக் கிடைத்தது. கடைசிப் பாட்டு, கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்ததால் பாதி வரியில் நின்றுவிடும். ஒரு பாட்டு கிசுகிசுக்கும், அடுத்தது மண்டையைப் பிளக்கும். கேட்பவர்கள் ஒரு கையை எப்போதும் வால்யூம் மேலேயே வைத்திருந்தார்கள்.

சில்வண்டை மெத்தைக்குப் பின்னாலும் அலமாரிக்கு அடியிலும் தேடினார்களாம். கிடைக்கவில்லை. மைக் இரவல் வாங்கியது, சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் அதையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். பாடியவன் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில் அது மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும்.

பாடியவனுக்குத் தகரம் என்று பெயர். தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி குரல். ஏழாவது பாட்டை அவன் இப்படித் தொடங்குவான்:

‘வாடகை வீட்டுல ஆணி அடிக்கக் கூடாது,
அதனால எங்க குடும்பப் படமெல்லாம் தரையில நிக்குது.’

இந்த இரண்டு வரிக்காகவே ஒரு தலைமுறை அந்தக் குப்பையையெல்லாம் பொறுத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையில்லை. தலைமுறை என்பது கொஞ்சம் மிகைதான். ஒரு சில ஆயிரம் பேர்.

அவர்களில் ஒருவர் நூல் மில்லில் ஃபிட்டர். தொகுப்பு வந்தபோது அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். பாட்டின் வரிகள் எங்கும் அச்சாகவில்லை. பாதி வார்த்தை தாளத்துக்குள் அமுங்கிப்போயிருந்தது, மீதியைத் தகரம் மென்று முழுங்கியிருந்தான். ஃபிட்டர் ஷிப்ட் முடிந்து வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பிடித்து, ரசிகர்கள் கூடும் இணையக் குழுவில் போட்டார். ஒருமுறை மேடை ஏறுவதற்கு முன் தகரமே அவரைப் போனில் கூப்பிட்டு, “பதினாறாவது பாட்டுல ரெண்டாவது பத்தியில நான் என்னதாம்ப்பா சொல்லியிருக்கேன்?” என்று கேட்டான். அன்றிலிருந்து குழுவில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். சுருக்கமாகப் பாம்பு. குழுவில் எந்தச் சண்டை வந்தாலும், “பாம்பு வந்து சொல்லட்டும்” என்று முடிப்பார்கள். அவர் சொல்வார். அதற்கு மேல் பேச்சில்லை.

மில்லிலும் அவர் காதை வைத்துத்தான் பிழைத்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இயந்திரத்தின் பேரிங் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதோரம் அழுத்துவார், கண்ணை மூடுவார். “இது இன்னும் ரெண்டு வாரம் ஓடும்” என்பார், அல்லது “இன்னிக்கே கழட்டு” என்பார். இரண்டும் பலிக்கும். இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். காதில் வைத்துக்கொள்ளக் கம்பெனி பஞ்சு அடைப்பான் கொடுத்திருந்தது. ஃபிட்டர் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். “காதை அடைச்சுக்கிட்டு மெஷின்கிட்ட என்னத்தப் பேசுறது?” என்பார். மேஸ்திரியும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த வருடம் மழை தொடங்கிய மாதத்தில் அவர் ஒரு மோட்டாரைக் கேட்டுவிட்டு, நல்லா இருக்கு என்றார். மறுநாள் அதன் பேரிங் சிக்கி, தண்டு வளைந்து, ஒரு வரிசை முழுக்க நின்றது. கிரீஸ் ஒழுங்காகப் போடவில்லை, அதுதான் காரணம் என்றார் ஃபிட்டர். மேஸ்திரி எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பராமரிப்புப் பிரிவில் எல்லோருக்கும் காது பரிசோதனை. குறை இருப்பவர்கள் ஓடும் இயந்திரங்களின் பக்கம் வேலை செய்யக் கூடாது. தேதி, வருகிற புதன்கிழமை.

அவருக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டால் அந்தக் கட்டடத்தில் தான் யார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

“என் காதையா பரிசோதனை பண்றாங்க?”

“பண்ணட்டுமே. சும்மாதானே பாக்குறாங்க” என்றார் மனைவி, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே. ஃபிட்டர் அதைத் திரும்பக் கூட்டினார்.

அந்த வாரம்தான் ‘அரைகுறை’ மறுபடியும் வந்தது. தகரம் இப்போது ஒரு கூரியர் கிடங்கில் பொதி பிரிக்கும் வேலை பார்க்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடுவதை விட்டு நாளாகிறது. யாரோ சொல்லி, பழைய பதிவுகளைத் தேடியெடுத்து, வால்யூமை மட்டும் சமப்படுத்தி வெளியிடலாம் என்று முடிவெடுத்தான். ஒலி சரிசெய்யும் ஒரு இளம்பெண் தன் வீட்டு அறையிலேயே உட்கார்ந்து அதைச் செய்து கொடுத்தாள். இருமல் இருந்தது, சண்டை இருந்தது, பாதியில் நிற்பது அப்படியே நின்றது.

ஃபிட்டர் இரவு ஷிப்ட் முடிந்த காலை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டார். உடம்பெல்லாம் பஞ்சுத் தூசி, கண் எரிச்சல். ஏழாவது பாட்டு வந்தது. ஆணி, படம், தரை. தகரம் மூச்சு வாங்க நிறுத்தினான். அங்கே ஒன்றுமில்லை. ஃபிட்டர் பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். ஒன்றுமில்லை. இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் குழுவில் எழுதினார்:

‘பூச்சியைக் கொன்னுட்டாங்க.’

அவ்வளவுதான் எழுதினார். மீதியைக் குழு எழுதியது. அவர் குளித்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்தபோது நூற்றுக்கணக்கில் பதில்கள். நாங்களும் கேட்டோம், இல்லவே இல்லை என்று பலர். சுத்தம் பண்றேன்னு உயிரை எடுத்துட்டாங்க என்று ஒருவர். அந்தப் பெண்ணின் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டு, இவள்தான் கொலைகாரி என்று இன்னொருவர். அதற்குக் கீழே வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. மறுநாள் அந்தப் பெண் தகரத்திடம், என் பேரை எடுத்துடுங்க என்று கேட்டுக்கொண்டாள். அவன் எடுத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் தகரம் போன் செய்தான்.

“பாம்பு, அந்தப் பொண்ணு எதையும் தொடலைன்னு சொல்றா.”

“தொடாம எப்படிப் போகும்? பறந்தா போச்சு?”

“எனக்குத் தெரியலப்பா. நாள் முழுக்க பொதி தூக்கிட்டு வரேன். தலை சுத்துது.”

“ஞாயித்துக்கிழமை பழைய சி.டி.யையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேக்குறேன். சாட்சியோட. அப்புறம் பேசு.”

சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் கணக்கு டீச்சர். தொகுப்பு வந்த காலத்தில் கல்லூரி விடுதியில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டவர், குழுவை இன்றுவரை நடத்துபவர். இன்னொருவர் ஃபிட்டரின் மனைவியுடைய தம்பி, சரக்கு வேன் ஓட்டுபவர். சொல்லப்போனால் ஃபிட்டரின் கல்யாணத்துக்கு வழிகாட்டியதே ‘அரைகுறை’தான். இரவல் வாங்கிய சி.டி.யைத் திருப்பிக் கொடுக்க இவர் வீட்டுக்குப் போன இடத்தில்தான் ஃபிட்டர் அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூடப் பிடிக்காது. அது வேறு விஷயம்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் மச்சான் வேனிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் ஒரு சோபா, ஒரு கட்டில், இஸ்திரி போட வேண்டிய துணிக்குவியல். டீச்சர் துணிகளை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பரீட்சைத் தாள் திருத்தும் வாரம், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“முதல்லேர்ந்து கேப்போமா, இல்ல நேரா ஏழுக்குப் போயிடலாமா?” என்றார் மச்சான்.

“முதல்லேர்ந்து” என்றார் டீச்சர். “முழுசாக் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு.”

கேட்டார்கள். பழைய சி.டி. கீறல் விழுந்திருந்தாலும் ஓடியது. இருமல் வந்ததும் மச்சான் கூடவே இருமினார். பழைய வழக்கம். நாலாவது பாட்டில் சரணம் இரண்டாவது தடவை வந்தபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

“உண்மையைச் சொல்லட்டுமா?” என்றார். “மூணு பாட்டு நல்லா இருக்கு. நாலு பாட்டு சுமார். மிச்சமெல்லாம் நாமளா சேத்துக்கிட்டது.”

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். அப்புறம் நாங்க இத்தன வருஷம் எதுக்குக் கத்துனோம்?”

“வயசு, தம்பி. கத்துறதுக்கு ஏதாவது வேணும். இது கையில கிடைச்சுது.”

“எனக்கு அப்படி இல்ல” என்றார் ஃபிட்டர். “அஞ்சாவது பாட்டு இருக்குல்ல. ‘மேனேஜர் சிரின்னாரு, சிரிச்சேன், மெஷினு குனின்னுச்சு, குனிஞ்சேன்.’ அதைக் கேட்டுட்டுத்தான் நான் மறுநாள் வேலைக்குப் போனேன். இல்லன்னா அந்த வாரமே விட்டுட்டு ஓடியிருப்பேன்.”

“ஓடியிருக்கலாம் மாமா” என்றார் மச்சான். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஏழாவது பாட்டு வந்தது. பழைய சி.டி. மூன்று பேரும் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும், “கேட்டீங்கல்ல? இப்ப புதுசைப் போடு மாப்ள” என்றார் ஃபிட்டர். மச்சான் போட்டார். தகரம் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் ஃபிட்டர் விரலைத் தூக்கினார்.

“பாத்தீங்களா? காலி.”

மச்சான் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஸ்பீக்கரைப் பார்த்தார்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார் டீச்சர்.

போட்டார்.

“மாமா,” என்றார் மச்சான், “இருக்கே.”

“எங்க இருக்கு?”

“இந்தா, கத்துதுல்ல. கிர்ருன்னு. பழசை விடத் தெளிவாவே இருக்கு.”

“விளையாடாத மாப்ள.”

“நான் ஏன் விளையாடுறேன்? டீச்சர், நீங்க சொல்லுங்க.”

டீச்சர் தன் போனைப் பார்த்தார். குழுவில் ஃபிட்டர் எழுதியதற்குக் கீழே, ‘உறுதி செய்கிறேன்’ என்று முதலில் எழுதியவர் அவர்தான். கேட்காமல் எழுதினார். பாம்பு சொன்ன பிறகு கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“எனக்கும் கேக்குது” என்றார்.

ஃபிட்டர் எழுந்து போய் ஸ்பீக்கரின் முன்னால் குந்திக்கொண்டார். காதை அதன் வலையோடு ஒட்டிவைத்தார். தாளம் கன்னத்தில் அதிர்ந்தது. குரல் வந்தது. மூச்சு வந்தது. அதற்குப் பிறகு பஞ்சு மாதிரி ஒரு வெறுமை.

“சத்தம் வை.”

மச்சான் வைத்தார். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, பாட்டுகூடப் பரவால்ல. அந்தப் பூச்சிச் சத்தத்தை நிறுத்துங்க. பல்லு கூசுது.”

அங்கே என்ன தகராறு நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே வந்து கூடத்தின் நடுவில் நின்றார். மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். மச்சான் சத்தத்தைக் குறைத்தார்.

“என்னாச்சு?”

“மாமாவுக்கு அது கேக்கல அக்கா.”

அவர் பாத்திரத்தை மேசைமேல் வைத்தார். “துணி துவைக்கிற மெஷின் முடிஞ்சு கத்துறப்ப பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. ஏந்திரிக்க மாட்டாரு. சோம்பேறித்தனம்னு நெனச்சுத் திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார். பிறகு, “நானாவது கேட்டிருக்கணும்” என்று துண்டை மடித்தார்.

டீச்சர் ஒரு வேலை செய்தார். ஃபிட்டரைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, எது என்று சொல்லாமல் பழைய சி.டி.யையே மறுபடி போட்டார். பள்ளிக்கூடத்தில் பையன்களிடம் கேட்கிற தொனியில், “இது எது?” என்றார்.

“புதுசு” என்றார் ஃபிட்டர். “பூச்சி இல்லையே.”

டீச்சர் பாட்டை நிறுத்தினார். சற்றுப் பொறுத்து அவர் தானாகவே திரும்பினார். யார் கையில் எந்த உறை இருக்கிறது என்று பார்த்தார்.

“அப்ப முதல்ல பழசைக் கேட்டப்ப எனக்குக் கேட்டுச்சே.”

“கேட்டுச்சா, இல்ல எங்க வரும்னு தெரியுமா?” என்றார் டீச்சர்.

ஃபிட்டர் யோசித்தார். கேட்டதாகத்தான் நினைவு. எந்த மூச்சுக்குப் பிறகு அது கத்தும், எங்கே சற்று ஓயும், எல்லாம் மனப்பாடம். எத்தனை வருடமாக மனப்பாடம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் அன்று, புதிய பதிவு என்பதாலேயே மனம் பழையதை எடுத்துக் கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும். மோட்டாரின் நினைவு வந்தது. கிரீஸைத் திட்டியது நினைவு வந்தது. கிரீஸ் போட்டவன் அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மச்சான்தான் முதலில் பேசினார். “சரி, இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? ‘மறுபடி அப்லோட் பண்ணியிருக்காங்க, இப்ப பூச்சி வந்துடுச்சு’ன்னு எழுதிடுங்க மாமா. நீங்க எழுதுனா நம்பிடுவாங்க.”

“நம்பிடுவாங்க” என்றார் டீச்சர். “அதான் பிரச்சினையே.”

“புதன்கிழமை விஷயமும் அப்படித்தான். பெட்டி மாதிரி ஒரு ரூமுக்குள்ள உக்கார வெச்சு சத்தம் வுடுவாங்க, கேட்டா பட்டனை அமுக்கணும். எங்க கம்பெனியில டிரைவருக்கெல்லாம் பண்ணாங்க. கண்ணாடி வழியா எதிர்ல இருக்கிறவங்க கை தெரியும். கை அசைஞ்சா அமுக்கிடுங்க. பாதிப் பேர் அப்படித்தான் தேறுனாங்க.”

“பேரிங்குக்குக் கை இருக்கா மாப்ள?”

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?”

“எடுக்க மாட்டாங்க. எங்கயாவது தூக்கிப் போடுவாங்க.”

“போடட்டும். வீட்டுக்குள்ள நான் இனிமேலும் கத்திக்கிட்டே இருந்துட்டுப் போறேன். நீங்க வேணும்னு பண்ணலைன்னு தெரிஞ்சுதே, அது போதும்” என்றார். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற தெம்பு ஃபிட்டருக்கு இல்லை.

அவர் தகரத்துக்குப் போன் செய்தார். பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் வந்தது.

“பூச்சி இருக்கு தகரம். எனக்குத்தான் காது போச்சு.”

“இருக்குன்னு எனக்குத் தெரியும் பாம்பு. நானும் கேட்டேனே.”

“அப்ப ஏன் அன்னிக்குச் சொல்லல?”

“நீ இல்லைன்னு சொல்லிட்ட. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் பாட்டை என்னை விட உனக்குத்தானே நல்லாத் தெரியும்.” பிள்ளைகளைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டுவிட்டு மறுபடி வந்தான். “அந்தப் பொண்ணுகிட்ட யார் பேசுறது?”

“நம்பர் குடு. நான் பேசுறேன்.”

பேசினார். அவள் கோபப்படவில்லை. சரிங்க, சொன்னதுக்கு நன்றி என்றாள். குரலில் அலுப்பு. பேரைத் திரும்பப் போடச் சொல்லவா என்று கேட்டதற்கு, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து குழுவில் எழுதினார்: ‘பூச்சி இருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. ஒலி சரிசெய்தவர் மேல் தப்பில்லை. என் பேச்சை நம்பியவர்கள் தயவுசெய்து ஒருமுறை கேளுங்கள்.’ டீச்சர் அதற்குக் கீழே, தானும் கேட்காமலே உறுதி செய்ததாக எழுதினார். முதல் பதில் உடனே வந்தது: ‘மிரட்டி எழுத வெச்சுட்டாங்களா பாம்பு?’

டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார். “பதினாலு பாட்டு பாக்கி இருக்கு. கேக்கணுமா?”

“ஓடட்டும்” என்றார் ஃபிட்டர்.

ஓடியது. மனைவி துணி இஸ்திரி போட்டார். மச்சான் சோபாவில் தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை ஃபிட்டர் கிரீஸ் போட்டவனைக் கூப்பிட்டு, மோட்டார் விஷயத்தில் தவறு தன்னுடையது என்று சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனான். மேஸ்திரியிடமும் சொன்னார். “புதன்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காம இருங்க, பாத்துக்கலாம்” என்றார் மேஸ்திரி. ஃபிட்டர், எனக்குக் காது சரியில்லை என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

புதன்கிழமை பரிசோதனை நடந்தது. இரண்டு காதிலும் கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள் பெருமளவு கேட்கவில்லை, மில் சத்தத்தால் வந்தது, திரும்ப வராது என்று அறிக்கை சொன்னது. பராமரிப்புப் பிரிவில் பதினோரு பேரைச் சோதித்ததில் நான்கு பேருக்குக் குறை இருந்தது. மூன்று பேர் மறு பரிசோதனை கேட்டு மனுக் கொடுத்தார்கள். ஃபிட்டர் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவரை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள்.